உடும்பின் வயிற்றுக்கடியில் ஒரு வாய்க்கால்

ஒரு காட்டில் ஒரு உடும்பு கவர்னராக இருந்தது. அந்தக் காட்டு உடும்பு இல்லை, கேட்டுக்கோங்க. சொந்தக் காட்டில் மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் தோற்றது. கடைசித் தடவை ஒரு முயலிடம். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று மனசு இளகிய, எல்லாக் காடுகளுக்கும் மேலே இருக்கும் பெரிய மலைச் சிங்கம், அதை இங்கே கவர்னராக அனுப்பிவைத்தது.

வந்த அன்றைக்கே நாற்பது பொந்து வைத்த ஆலமரம், வால் நனைக்க ஒரு குளம், சல்யூட் அடிக்க ரெண்டு கீரி. வேலை? ரிப்பன் வெட்டணும், தேநீர் விருந்து வைக்கணும், காட்டுச் சபை அனுப்பும் தாளில் கால்தடம் பதிக்கணும். முதல் ரெண்டையும் ஒரு குறையில்லாமல் செய்தது.

அந்தக் கோடையில் பொன்னுருவி என்கிற தவளையின் குட்டை வற்ற ஆரம்பித்தது. உள்ளே இருநூறு தலைப்பிரட்டைகள், அத்தனையும் அவள் பெற்றது. ஓடையிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் வெட்டச் சபை ஒரே குரலில் தீர்மானம் போட்டது. முதல்வர் காட்டெருமை தாளைக் கவர்னருக்கு அனுப்பியது. உடும்பு அதை வயிற்றுக்கடியில் போட்டுப் படுத்துக்கொண்டது.

பத்து நாள் பொறுத்தாள் பொன்னுருவி. பிறகு ஆலமரத்துக்குப் போனாள். வாசலில் டோக்கன் வாங்கி, மூன்று பக்கப் படிவத்தில் 'விண்ணப்பதாரருக்கு வால் உண்டா?' என்ற இடத்தில் 'முன்பு இருந்தது' என்று எழுதிக் கொடுத்து உள்ளே போனாள்.

"ஐயா, தண்ணி நாலு விரக்கடைதான் நிக்குது. ஒரு கால்தடம் வெச்சுக் குடுங்கய்யா."

"தாளை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன் அம்மா."

"தாளு உங்க வயித்துக்குக் கீழல்ல கிடக்கு?"

"அங்கே வைத்துத்தான் ஆராய்கிறேன்."

பொன்னுருவி எருமையிடம் ஓடினாள். "அண்ணே, உடும்பு இல்லையா, விடுன்னா இறுக்கிப் பிடிக்கும். பதிக்காதேன்னு சொல்லிப் பாருங்க, வீம்புக்காவது பதிச்சிரும்."

எருமைக்கு யோசனை பிடித்தது. மறுநாளே சபை இன்னொரு தீர்மானம் போட்டது: 'வாய்க்கால் தாளில் கவர்னர் கால்தடம் பதிக்கவே கூடாது.'

கதை என்றால் இந்த இடத்தில் உடும்பு ஏமாறணும். நம் உடும்பு அந்தத் தாளையும் வாங்கி, முதல் தாளுக்கு மேலே போட்டுப் படுத்துக்கொண்டது. இப்போதுதான் மெத்தென்று இருந்ததாம்.

பொன்னுருவி ஓடைக்கும் குட்டைக்கும் தத்தித் தத்தி, வாயில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றிப் பார்த்தாள். நாலாம் நாள் சேறு வெடித்தது. இருநூறில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'தலைப்பிரட்டைகளுக்காக வாய்க்கால் என்கிறீர்கள். நேரில் போய்ப் பார்த்தேன். குட்டையில் தலைப்பிரட்டையே இல்லை. விளக்கம் தரவும்.'

அந்த மாதமே உடும்புக்கு இதைவிடப் பெரிய காடு கிடைத்தது. வழியனுப்புத் தேநீர் விருந்துக்கு எல்லாரையும் அழைத்தார்கள். பொன்னுருவி தேநீரைத் தொடவில்லை. உடும்பு வால் நனைக்கத் தளும்பி நின்ற அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அடுத்த தேர்தல் எப்போ?"

"நிக்கப்போறியா தாயி? காடே உனக்குத்தான் ஓட்டுப் போடும்," என்றது எருமை.

"ஐயய்யோ, ஒருத்தரையும் போட விட்டுராதீங்கண்ணே! நான் தோக்கணும். அடுத்த ஈட்டுப் பிள்ளைகளை இந்த மாதிரி ஒரு கவர்னர் குளத்துலதான் பெத்துக்கப்போறேன்."

நீதி: பிள்ளைகள் பிழைக்க வேண்டுமானால் தேர்தலில் தோற்கப் பழகுங்கள், ஜெயித்தவர்களுக்கு வாசலில் டோக்கன்தான் கிடைக்கும்.