சோதனைச் சாவடியில் ஒரு வயிறு

திருடன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, நோயாளி என்று பெயர் வாங்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் உண்டு. அதிலும் நோய் தொப்புளுக்குக் கீழே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நம்பாதவர்கள் என்னைப் பார்க்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முப்பத்தெட்டு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒருநாள் சிறுநீரில் ரத்தம் போனது. உடம்புச் சூடு என்று நானே முடிவு செய்து இளநீராகக் குடித்துத் தள்ளினேன். (எங்கள் பக்கம் எல்லா நோய்க்கும் முதல் டாக்டர் இளநீர்க்காரர்தான்.) ரத்தம் நிற்கவில்லை. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பையில் கட்டி என்றார்கள். நல்ல கட்டி இல்லை, பையையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

"எடுத்துட்டா அப்புறம் எப்படிங்க சார் போறது?" என்று கேட்டேன்.

டாக்டர் ஒரு காகிதத்தில் வீட்டுக்குக் குழாய் போடுகிறவர் மாதிரி படம் வரைந்தார். "சிறுகுடல்ல ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுப்போம். மீதிக் குடலை மறுபடி சேர்த்துத் தைச்சுடுவோம், அது வழக்கம்போல சாப்பாட்டு வேலையைப் பார்க்கும். வெட்டின துண்டுல கிட்னியிலேர்ந்து வர்ற ரெண்டு குழாயையும் இணைச்சு, அதோட ஒரு முனையை வயித்துக்கு வெளியே கொண்டு வந்து வைப்போம். அதுமேல ஒரு பை ஒட்டிக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"நீங்க இருக்கிற வரைக்கும். நீங்க ரொம்ப நாள் இருக்கணும்னுதான் இதைச் செய்யறோம்."

ஆபரேஷனுக்கு முன்னால் என்னை உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். வயிறு எங்கே மடிகிறது, பேண்ட் எங்கே நிற்கிறது, வேட்டியை எங்கே கட்டுவேன் என்றெல்லாம் பார்த்து, வலப்பக்கம் பேனாவால் ஒரு குறி போட்டார். என் கல்யாணத்துக்குச் சட்டை தைத்தவர்கூட இவ்வளவு அக்கறையாக அளவு எடுத்ததில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பேனாக்குறி இருந்த இடத்தில் சின்னத் தக்காளி மாதிரி சிவப்பாக, ஈரமாக ஒன்று முளைத்திருந்தது. தொட்டால் வலிக்கவில்லை. ஆனால் அது என் பேச்சைக் கேட்காது. அடக்குவது, பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுவது எதுவும் நடக்காது. சரியாக மூடாத குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். பையின் அடியில் ஒரு குட்டித் திருகு குழாய். பை பாதி நிறைவதற்குள் அதைத் திறந்து காலி செய்துவிட வேண்டும். இரவில் அதோடு ஒரு நீளக் குழாயை மாட்டி, கட்டிலுக்குக் கீழே பெரிய பை ஒன்றைத் தொங்கவிட்டால் விடியும்வரை தூங்கலாம். ஊரே எழுந்து எழுந்து போகும்போது நான் மட்டும் மகாராஜா.

உடம்பு சீக்கிரம் பழகிவிட்டது. பழகாதது என் மண்டைதான். ஊரில் எல்லோரிடமும் "அப்பெண்டிக்ஸ்" என்று சொல்லி வைத்தேன்.

"அப்பெண்டிக்ஸுக்கு யாருங்க மூணு மாசம் லீவு போடுவாங்க?" என்றாள் என் மனைவி கோகிலா.

"பெரிய அப்பெண்டிக்ஸ்."

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மல்லிகாவுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பா இல்லாத வீடு, நான்தான் முன்னால் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கோகிலாவும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனோம். பையன் தங்கம். ஆனால் அந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் பையனுடைய பெரியப்பா நஞ்சப்பா. நெற்றி நிறைய விபூதி, வெள்ளை ஜிப்பா. குடி, சீட்டு, வெட்டிப் பேச்சு மூன்றும் தன் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது என்று காபி வருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று எங்களுடனே ஓசூருக்குக் கிளம்பினார்.

அவர்கள் வீட்டில் காபி, மோர், பாயசம், கிளம்பும்போது மறுபடி காபி. டாக்டர் வேறு நிறைய குடிக்கச் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் குடித்தேன். பாத்ரூம் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அப்பெண்டிக்ஸ்காரன் உள்ளே போய் அவ்வளவு நேரம் என்ன செய்கிறான் என்று யாராவது யோசித்துவிட்டால்?

பஸ்ஸில் நஞ்சப்பா என் பக்கத்தில். மடியில் வெற்றிலை, பழம் வைத்த துணிப்பை. மேலே வைக்கிறேன் கொடுங்கள் என்று கேட்டதற்கு "பேடா, பேடா" என்று கன்னடத்தில் மறுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சட்டைக்குள் என் பை நிறைந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனியாக ஒரு குலுங்கு குலுங்கியது.

கர்நாடக எல்லை தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் பாக்கெட் சாராயம் கடையில் விற்கும். இந்தப் பக்கம் அது குற்றம். ஆகவே வயிற்றில், தொடையில், பூசணிக்காய்க்குள் என்று எங்கெங்கோ வைத்துக் கடத்துவார்கள். ஒரு கான்ஸ்டபிள் ஏறி ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் வயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. மறுபடி அழுத்தினார். களக் என்றது.

"இன்னாய்யா இது?"

பஸ் மொத்தமும் திரும்பியது. நஞ்சப்பாவும் திரும்பினார். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

"சரக்கா?"

"ஆமாங்க சார்," என்றேன்.

(தயவுசெய்து இந்த இடத்தில் என்னைத் திட்டுங்கள். கோகிலா இதுவரை திட்டியதோடு சேர்த்துக்கொள்கிறேன்.)

இறக்கிச் சாவடிக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் டீ குடித்து முடித்த கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். கான்ஸ்டபிள் என் சட்டையைத் தூக்கினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"சார், கொழா வச்சிருக்கான் சார்," என்றார் கான்ஸ்டபிள், குரலில் உண்மையான மரியாதையோடு. "பெங்களூர்ல என்னென்னமோ வந்துடுச்சு."

நான் வாய் திறப்பதற்குள் அந்தக் காலி கிளாஸை அடியில் பிடித்து, திருகைத் திறந்து, அரை கிளாஸ் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வெள்ளையா நூல் நூலா மிதக்குது சார். கலப்படம்."

குடல் துண்டுக்கு இன்னும் தான் குடல்தான் என்ற நினைப்பு, அதனால் கொஞ்சம் சளி சுரந்துகொண்டே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதை விளக்க அது நேரமாகத் தோன்றவில்லை. கான்ஸ்டபிள் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார். அவர் புருவம் சுருங்கியது.

"எத்தனை பாக்கெட்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுதாங்க சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணுக்கா இந்தப் பாடு?"

"ஆமாங்க சார்," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த கோகிலா. "ஒண்ணுக்குத்தாங்க."

கான்ஸ்டபிள் கிளாஸை மேஜையில் மெதுவாக, மிக மெதுவாக வைத்தார். கோகிலா ஆஸ்பத்திரிச் சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் படித்தார். எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டார்.

"இதச் சொல்றதுக்கு என்னாங்க? சாராயம்னு ஒத்துக்கிட்டா உள்ள போட்டிருப்பேனே."

"வெக்கமா இருந்துச்சு சார்."

"ஜெயிலு வெக்கமா இல்லையா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

வலிக்காது என்றேன். குளிக்கலாமா என்றார். குளிக்கலாம். வேலைக்கு? போகிறேன், கொஞ்ச நாளைக்கு வெயிட் மட்டும் தூக்கக் கூடாது. இதற்குள் தாமதம் பொறுக்காமல் கண்டக்டர் வந்தார், பின்னால் பாதி பஸ் வந்தது. விஷயம் ஒரு நொடியில் பரவிவிட்டது. நாத்தம் வராதா என்று ஒரு அம்மா கேட்டார்கள். நன்றாகக் கழுவி, தோலைச் சுத்தமாகத் துடைத்து, பை சரியாக ஒட்டியிருந்தால் வராது என்றேன். பிரிந்துவிட்டால்? மாற்றுப் பை எப்போதும் கூடவே இருக்கும் என்று கோகிலா எடுத்தே காட்டினாள். குப்புறப் படுக்கலாமா என்று டிரைவர் கேட்டார். பக்கவாட்டில் படுப்பது சௌகரியம் என்றேன். கட்டின பெண்டாட்டியிடமே பேசக் கூசிய விஷயத்தை, இரண்டு மாநிலத்து ஜனங்களுக்கு நடுவில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், கூரை இடிந்து விழவில்லை. ஒரு தாத்தா என் தோளைத் தட்டி, "சூட்சுமமா வேலை செஞ்சிருக்கான்யா டாக்டர்," என்று பாராட்டிவிட்டுப் போனார். கொட்டகைக்குப் பின்னால் கான்ஸ்டபிளே தண்ணீர் மொண்டு கொடுக்க, மீதியைக் காலி செய்தேன். அந்த நிம்மதியை எழுத எனக்குத் தமிழ் போதாது. பாக்கிப் பேரைச் சோதிக்காமலேயே பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள்.

நஞ்சப்பா மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. ஓசூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மல்லிகாவின் கல்யாணம் என் வயிற்றாலேயே போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். கண் கலங்கியிருந்தது.

"இந்த உபகாரத்தை நான் மறக்கமாட்டேங்க," என்றார்.

"எந்த உபகாரங்க?"

துணிப்பையை லேசாக விரித்தார். வெற்றிலைக்கு அடியில், வாழைப்பழத்துக்கு நடுவில், நான்கு பாக்கெட்டுகள்.

"கைகால் கொடைச்சலுக்கு. ராத்திரி கொஞ்சம். வீட்டுல யாருக்கும் தெரியாது. அவன் என்கிட்ட வர்றதுக்குள்ள நீங்க வேணும்னே மாட்டிக்கிட்டு அவனை இழுத்துட்டுப் போனீங்க பாருங்க, சொந்தத் தம்பிகூட செய்யமாட்டான்."

மறுக்க வாயெடுத்தேன். பின்னாலிருந்து கோகிலா என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "மனுஷங்க நல்லா இருந்தா போதும்," என்று சொல்லித் தேதி குறித்துவிட்டார். மல்லிகாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும், அந்த வீட்டில் "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் பாத்ரூம் இருக்கும் பக்கம் கை காட்டுகிறார்கள்.

அந்தச் சாவடிக் கதை எங்கள் இரண்டு குடும்பத்திலும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பவர்கட் ஆனால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கோகிலா அன்றைக்கு அடித்த ஜோக்குக்கு இணையே கிடையாது என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

"நான் எங்க ஜோக் அடிச்சேன்?" என்பாள். "போலீஸ்காரர் கேட்டாரு, பதில் சொன்னேன்."