கூட்டுற மெஷினுக்குச் சந்தனப் பொட்டு

எனக்கு வீடு கூட்டப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சமைப்பேன், துவைப்பேன், சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி தேதித் தாள் பைண்டிங் செய்வேன். ஆனால் விடிந்தும் விடியாமலும் இடுப்பை ஒடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவுகிற வேலை இருக்கிறதே, அதை ஆசைப்பட்டுச் செய்கிறேன் என்று எந்தப் பெண்ணாவது சொன்னால், என் எதிரே வந்து நின்று சொல்லட்டும்.

அதனால்தான் தானாகவே ஓடிக் கூட்டித் துடைக்கிற அந்த ரோபோ மெஷினை வாங்கினேன். என் சம்பாத்தியம், என் இடுப்பு, என் முடிவு. இப்போது கம்பெனி வேனில் ஏறினால் போதும், யாராவது ஒருத்தி, "செல்வியக்கா, அது வாங்குனா பிரயோசனமா?" என்று கேட்கிறாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற விஷயமா அது? முதலில் நான் பட்ட அசிங்கத்தைக் கேளுங்கள்.

மெஷின் வந்து இறங்கியபோது ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். வட்டமாக, கறுப்பாக, இட்லிச் சட்டி மூடி மாதிரி இருக்கும். என் மாமியார் அதற்கு மெஷின் என்கிற மரியாதையைக் கடைசிவரை கொடுக்கவில்லை. "அந்த மூடி" என்றுதான் சொன்னார்.

"கூட்டுறதுக்கு ஒரு மூடி. அது கூட்டுறத வேடிக்க பாக்க ஒரு மருமக. நல்லாருக்கு குடும்பம்!"

"நான் எங்கத்தை வேடிக்கை பாத்தேன்? அந்த நேரத்துல குழம்பு வச்சேன்ல?"

"குழம்பு வச்சா? உப்பு எங்க?"

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கட்டிங் மெஷின் ஆபரேட்டர். ஆயிரம் தாளை ஒரே வெட்டில் நறுக்குகிற மனிதர், வீட்டில் ஒரு பேச்சை வெட்டிப் பேச மாட்டார். "அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். (இன்று வரை அப்படித்தான்.)

மெஷினும் என் மானத்தைக் காப்பாற்றவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூலைக்குப் போகாது. நூலைக் கண்டால் விழுங்கி விக்கும். எங்காவது மாட்டிக்கொண்டால், "ஹெல்ப்! ப்ளீஸ் ஹெல்ப்!" என்று ஒரு பெண் குரலில் அலறும். இருந்தாலும் ஆறு நாள் நான் குனியவில்லை. ஆறு நாள்! என் இடுப்புக்குத் தீபாவளி முன்னாடியே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் பாண்டிக்கு ஒரு சம்பந்தம் அமைந்தது. பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிற பையன். ஏழெட்டு இடம் தட்டிப்போய், இனி எங்கே அமையப்போகிறது என்று நாங்கள் அலுத்திருந்தபோது தாயில்பட்டிப் பெண் ஒன்று அமைந்தது. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவனுக்குப் பெண்ணை அம்புட்டுப் பிடித்துவிட்டது. வேனைக்கூட இரண்டு வேளை கழுவ ஆரம்பித்தான். இனி பெண் வீட்டார் வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். சீசன் நேரத்தில் எவருக்கு லீவு? எல்லாக் கம்பெனியும் மூடுகிற நாள் ஆயுத பூஜைதான். அன்றைக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முதல் நாள் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏத்தா செல்வி, அவுக வரும்போது அந்த மூடியப் பரணுல தூக்கிப் போட்ரு. குனிஞ்சு கூட்ட மாட்டாத மூத்த மருமக இருக்கிற வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இதால இந்தச் சம்பந்தம் தட்டிப்போச்சுன்னு வையி, மறுநாளே அது வந்த பெட்டியில திரும்பிப் போயிரணும். ஆமா."

"போகட்டும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் பரணில் மட்டும் போட மாட்டேன். ஒளித்து வைக்க நான் என்ன திருட்டுச் சாமானா வாங்கியிருக்கிறேன்? வீட்டில் உழைக்கிற எல்லாவற்றுக்கும் அன்றைக்குப் பூஜை. அரிவாள்மனைக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, பைக்குக்கு உண்டு. எனக்காக உழைக்கிற ஒரே ஜீவனுக்குக் கிடையாதா?

எங்கள் ஊர் அச்சாபீஸ்களில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெஷினைத் துடைத்து, தட்டையான இடம் எங்கே தெரிகிறதோ, கண்ணாடி எங்கே பளபளக்கிறதோ, பட்டன் எங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைப்போம். இருபது வருஷமாக அப்படி வைத்துப் பழகிய கை இது. ரோபோவின் முன்பக்கம் கறுப்புக் கண்ணாடிப் பட்டை, தலையில் ஒரு குமிழ். பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பிய மாதிரி இருந்தது. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அள்ளி இரண்டின் மேலும் அப்பினேன். அதற்குக் கண்ணே அந்த இரண்டும்தான் என்று எனக்கு எவர் சொன்னார்கள்? சாமி படத்துக்கு முன்னால் அச்சடித்து வீணான காலண்டர் தாளை விரித்து (எங்கள் வீட்டில் எதற்கும் அதைத்தான் விரிப்போம்), பொரியும் சுண்டலும் குங்குமத் தட்டும் குத்துவிளக்கும் வைத்து, எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக அதை உட்கார வைத்தேன். மாமியார் பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா பெரியசாமி, பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் சம்சாரமும் அதே கம்பெனியில் திரி வைக்கிறவர். இரண்டே பேர்தான். "வாங்க, வாங்க, சாப்பிட்டீகளா?" என்றெல்லாம் நாங்கள் கேட்க, அந்த மனிதர் ஹாலையோ டிவியையோ ஏறிட்டும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"பின்னால ஒரு வாசல் இருக்கா?"

"இருக்குங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு கதவும் வெளிய பாத்துத் தொறக்குமா?"

மாமியார் முந்திக்கொண்டு, "எல்லாம் வாஸ்து பாத்துக் கட்டுனதுங்க" என்றார். அவர் திருப்தியில்லாமல் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

காபி கொடுத்தேன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சரியாகப் பத்து மணி. தினமும் பத்து மணிக்கு அதுவாகக் கிளம்புகிற மாதிரி என் போனில் பாண்டிதான் வைத்துக் கொடுத்திருந்தான். அதை நிறுத்த வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சாமிக்கு முன்னால் இருந்த மெஷின் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. கண் இரண்டும் அடைத்திருக்கிறதே, எங்கே போகும்? முதலில் பொரித் தாம்பாளத்தில் மோதி ஊர் முழுக்கப் பொரியை இறைத்தது. பிறகு குங்குமத் தட்டுக்குள் ஏறி இறங்கியது. அடியில் ஈரத்துணி வேறு. தரையில் செக்கச்செவேலென்று ஒரு கோடு இழுத்துக்கொண்டே திரும்பி வந்து குத்துவிளக்கை ஒரு இடி. விளக்கு சாய்ந்தது. எண்ணெய் காலண்டர் தாளில் ஊற, திரி விழுந்து குப்பென்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீ.

ஒரு செம்பு தண்ணீரோ ஈரச் சாக்கோ போதும். அப்படித்தான் நானும் எழுந்தேன். அதற்குள் பெரியசாமி போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது.

"எந்திரி! வெளிய! எதையும் எடுக்காத! ஓடு!"

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் குரலுக்கு மேல் யோசனை கிடையாது. கால் தானாக ஓடும். அடுத்த மூச்சில் எல்லோரும் தெருவில் நின்றோம். மாமியாரை அவர் கையோடு இழுத்து வந்துவிட்டார். நின்றதும் நிற்காததுமாக ஆளை எண்ணினார்.

"நாங்க ரெண்டு. இவுக நாலு. ஆறு. உள்ள வேற யாரு?"

"யாருமில்லங்க" என்று சொல்லி என் வீட்டுக்காரர் வாயை மூடவில்லை. உள்ளேயிருந்து, "ஹெல்ப்! ப்ளீஸ் ஹெல்ப்!"

பெரியசாமியின் முகம் மாறிவிட்டது. "பொம்பளயில்ல கத்துது!"

"ஐயோ, அது மெஷினுங்க!" என்றேன்.

"எந்த மெஷினு ஹெல்ப்பு கேக்கும்?" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தரையில் சிவப்பாக ஈரக்கோடு ஒன்று சோபாவுக்குப் பின்னால் வரை போயிருந்தது. சத்தமும் அங்கேயிருந்துதான் வந்தது. "ரத்தம்! ஆளு உள்ள கெடக்கு!"

பக்கத்து வீட்டில் கட்டட வேலை. மணல் குவியலும் பாண்டுச் சட்டியும் வாசலிலேயே இருந்தன. ஒரு சட்டி மணலை அள்ளினார். தடுக்கப்போன என் வீட்டுக்காரரை, "விடுலே!" என்று ஒரு தள்ளு தள்ளினார். (மாப்பிள்ளையின் அண்ணனை!) உள்ளே பாய்ந்துவிட்டார். மணல் விழுகிற சத்தம், சோபா நகர்கிற சத்தம், இருமல். அப்புறம் எதுவுமில்லை.

வெளியே வந்தார். தலையெல்லாம் மணல், வேட்டியெல்லாம் குங்குமம். இரண்டு கையாலும் அந்த மெஷினைப் பச்சைப்பிள்ளை மாதிரி ஏந்தியிருந்தார். அது அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டு இன்னமும், "ஹெல்ப்! ப்ளீஸ் ஹெல்ப்!" என்று கத்திக்கொண்டிருந்தது.

தெருவே கூடிவிட்டது. பாண்டி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மெஷின் போகப்போகிறது, அது போகட்டும். இந்தப் பையனின் கல்யாணம் என்னால் நின்றது என்று நான் சாகிறவரைக்கும் சொல்வார்களே! என் வீறாப்பெல்லாம் வடிந்துபோய், அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு நின்றேன்.

"மன்னிச்சிருங்க. மெஷினுதான்னு சொன்னேன், நீங்க கேக்கல…"

அவர் கோபப்படவில்லை. மூச்சு வாங்கியபடி படியில் உட்கார்ந்தார்.

"ஒருக்கா கம்பெனியில தீப்பிடிச்சப்ப இப்பிடித்தான், உள்ள யாருமில்லன்னு சொன்னாக. நானும் நம்பிட்டேன் தாயி. அதுக்கப்புறம் யாரு சொன்னாலும் நம்புறதில்ல. போயிப் பாத்துருவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சம்சாரம்தான் முதலில் வாயைத் திறந்தார். கணவர் மடியில் கிடந்த மெஷினைக் குனிந்து பார்த்து, "இதுதான் அந்தப் பொம்பளயா?" என்றார். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பெரியசாமியும் சிரித்தார். தெருவே சிரித்தது. மாமியார் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

"இது என்ன செய்யும்?" என்று என்னைக் கேட்டார் அந்த அம்மா.

"கூட்டும், துடைக்கும். மூலைக்கு மட்டும் போகாதுங்க" என்று மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப நாம குனிய வேண்டாமா?"

"வேண்டாம்."

"குத்தவச்சே திரி வச்சு என் இடுப்பு போச்சு. எங்க, கூட்டச் சொல்லு பாப்போம்."

தீ எப்போதோ அணைந்திருந்தது. மெஷினுக்குள் போன மணலைத் தட்டி, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். வேலை செய்யாது என்றுதான் நினைத்தேன். கண் திறந்ததும் நல்ல பிள்ளையாகக் கிளம்பி, சம்பந்தி கொட்டிய மணலையும் தான் இறைத்த பொரியையும் முறைவைத்து அள்ள ஆரம்பித்தது. ஆண்கள் நின்றார்கள். நாங்கள் மூன்று பெண்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அது பக்கத்தில் வரும்போது அந்த அம்மா காலைத் தூக்கினார். நான் தூக்கினேன். மூன்றாவதாக, வேறு வழியில்லாமல், என் மாமியாரும் தூக்கினார். பகலில், ஹாலில், உட்கார்ந்தபடி, வீடு சுத்தமாவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா அந்தச் சுகத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஏங்க, எம்மக இங்கனயே வரட்டும்" என்றார் கணவரிடம்.

பெரியசாமி வேட்டியில் ஒட்டிய குங்குமத்தைத் தட்டிக்கொண்டே, "கூட்டுறது கெடக்கட்டும். ஓடுன்னதும் இவுக ஒருத்தர்கூட நகைய எடுக்கணும், போன எடுக்கணும்னு திரும்பல. அது போதும் எனக்கு" என்றார்.

பாண்டிக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. திருப்பி அனுப்புகிற தேதி வந்தது, போனது. மாமியார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: மூலைக்கு நீங்கள்தான் போக வேண்டும். அதன் வாயில் சிக்கிய முடியை நீங்கள்தான் பிடுங்க வேண்டும். மாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதும் நீங்கள்தான். இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், நான் வாங்கியது சரி. நாளைக்கே இது ரிப்பேரானால் இன்னொன்று வாங்குவேன். அதற்கும் பொட்டு வைப்பேன், கண்ணை விட்டுவிட்டு.

இப்போதும் அது வாரத்துக்கு ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அலறும். அடுப்படியில் இருந்து மாமியார் குரல் கொடுப்பார்: "ஏத்தா, தாயில்பட்டிக்குப் போனப் போடு! சம்பந்தி வந்து தூக்கட்டும்!" போன மாதம் பாண்டியின் சம்சாரம் சிரிப்பை அடக்க முடியாமல் நிஜமாகவே அப்பாவுக்குப் போன் போட்டு, அந்த அலறலைக் கேட்க வைத்தாள்.

எதிர்முனையில் பெரியசாமி எங்களை மாதிரிச் சிரிக்கவில்லை. "மத்தவுக எல்லாரும் வெளிய வந்துட்டீகளா?" என்றுதான் கேட்டார்.