சாட்சிக்கு வாங்கிய கமரா

கொழும்புத்துறை,
வெள்ளிக்கிழமை காலை.

மெல்பேணில் வாழும் என் அருமை மகள் நிஷானிக்கு,

கர்த்தர் உன்னையும் மருமகன் றொபினையும் பேரப்பிள்ளையையும் அந்தத் தூரதேசத்தில் தம் சிறகுகளுக்குள் மறைத்துக் காப்பாராக. இங்கே அம்மாவுக்குச் சுகம். காருக்குச் சுகமில்லை. எனக்கு எப்படி என்பதை இக்கடிதத்தை வாசித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வசனம் சொல்ல, அம்மா பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்லுவாள். ஆகவே அவள் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கும் வேளை பார்த்து எழுதுகிறேன்.

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிவந்த மோட்டச்சைக்கிளும் எங்கள் காரும் உரசிக்கொண்ட கதை உனக்குத் தெரியும். அதை ஓட்டிவந்த ஏரம்பு என்பவர், நான் சிக்னல் போடாமல் திரும்பினேன் என்றார். போட்டேன் என்றேன் நான். சந்தியில் நின்ற அத்தனை பேரும், என்னை முன்பின் கண்டறியாதவர்கள், ஏரம்பு சொல்வதே சரி என்றார்கள். அம்மாவாவது ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று திரும்பிப் பார்த்தால், அவள் கீழே குனிந்து வாழைக்குலைக்கு என்ன சேதம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் நீ போனில், "அப்பா, ஒண்டில் டாஷ் கமரா பூட்டுங்கோ, இல்லாட்டிக் காரை வித்துப்போடுங்கோ" என்றாய். ஊரார் காணிகளை ஓர் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்த ஒரு நில அளவையாளனுடைய சொல்லுக்கு இந்த வயதில் சாட்சி தேவைப்படுகிறதே என்று எனக்கு மனம் விட்டுப்போனது. ஆனாலும் காரை எப்படி விற்பது? புதன்கிழமை தோறும் அம்மாவைக் கரவெட்டிக்கு, ஜொய்சிப் பெரியம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். பாரிசவாதம் வந்து கட்டிலில் விழுந்த நாள்முதல் பெரியம்மா வேறு யார் ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. அம்மா போய்ச் சீப்பால் தலையிழுத்து, கதை சொல்லி ஊட்டினால்தான் கோப்பை வெறுமையாகும். பஸ்ஸில் மாறி மாறி ஏறி இறங்க அம்மாவின் முழங்கால் விடாது. ஆகவே கமரா என்று முடிவானது.

டாஷ் கமரா என்றால் ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே முன்னுக்கு மட்டும் பார்ப்பது, பின்னுக்கும் பார்ப்பது, காருக்கு உள்ளே பார்ப்பது, இருட்டில் பார்ப்பது, கார் நிற்கும்போதும் உறங்காமல் பார்ப்பது என்று ஒரு கூட்டமே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து என்னைப் பார்த்தது. கடைக்காரத் தம்பி சயந்தன் மரியாதையான பிள்ளை. "ஐயாக்கு என்ன மாதிரியானது வேணும்?" என்று கேட்டான். "நான் பிழை விடேல்லை எண்டு காட்டவேணும்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடி ஒண்டு இன்னும் வரேல்லை ஐயா. நடந்ததைக் காட்டுறதுதான் இருக்கு" என்றான். அப்போதே நான் எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சேர்ச்சில் ஓர்கன் வாசிக்கும் லெனாட், பின்னுக்குப் பார்க்கும் கண்ணாடியோடு சேர்ந்து வருவதுதான் திறம் என்று தன் காரில் ஏற்றிக் காட்டினான். அதில் பின்னால் வரும் பஸ்ஸும், லெனாட்டின் மீசையும், திகதியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது, மீசை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை. கடைசியில் நான் சின்னதாக, கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வைத்த ஒன்றை வாங்கிப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் மருமகன் றொபினிடமிருந்து, "மாமா, உள்ளுக்குப் பற்றறி வைச்சது வேண்டாதேங்கோ, எங்கடை ஊர் வெயிலுக்கு ஊதிப்போடும்" என்று செய்தி வந்தது. வாங்கினது பற்றறி வைத்ததுதான். அது பங்குனி வெயிலில் நாளுக்கு நாள் பணியாரம்போல் ஊதியது. அதோடு ரப்பரும் இளகியது. ஒரு செத்தவீட்டுக்குப் போதகரை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு போகையில், அவர் கண்ணை மூடி அன்றைய பிரசங்கத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்த நேரம், கொதிக்கக் கொதிக்க அவர் மடியில் கழன்று விழுந்தது. போதகர் ஒரு சொல் சொன்னார். அது வேதாகமத்தில் உள்ள சொல் அல்ல.

இரண்டாவது கமரா பசை போட்டு ஒட்டுவது. றோட்டையும் பார்க்கும், காருக்கு உள்ளேயும் பார்க்கும். அதோடு பேசும். அதற்குள் ஓர் ஆங்கிலப் பெண்மணி இருக்கிறாள். முன்னால் ஏதும் கிட்டவந்தால் எச்சரிப்பாள். கோட்டைத் தாண்டினால் கண்டிப்பாள். எங்கள் றோட்டில் எது கிட்ட வரவில்லை, பிள்ளை? மாடு, சைக்கிள், ஓட்டோ, வாய்பார்த்துக்கொண்டு வரும் மனிதர். அவள் எங்கள் வீட்டுப் படலையில் தொடங்கிக் கரவெட்டி வரை வாய் ஓயாமல் கத்திக்கொண்டு வந்தாள். நானும் அவள் சொல்லச் சொல்ல வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். அம்மா வெளியே பார்த்தபடி, "கலியாணம் முடிச்ச நாள்துவக்கம் நான் சொல்லிக்கொண்டு வாறன். அதைத்தான் உவளும் சொல்லுறாள். உவள் சொன்னால் மட்டும் கேக்கிறியள்" என்றாள். 

இனி நடந்ததை எழுதக் கை கூசுகிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் சந்தையால் வரும்போது எங்கள் ஒழுங்கை முனையில் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் நீக்கிலாப்பிள்ளையின் ஓட்டோவின் பின்பக்கமும் எங்கள் காரின் முன்பக்கமும் ஒன்றாகிவிட்டிருந்தன. நீக்கிலாப்பிள்ளை குருநகர்க்காரர், அந்த முனையில்தான் ஓட்டோவை விட்டு ஆள் ஏற்றுகிறவர். "நீர் ஏன் பாக்காமல் பின்னுக்கு எடுத்தனீர்?" என்று கேட்டேன். அவர் எதிர்த் தேத்தண்ணிக் கடை வாசலில் கோப்பையும் கையுமாக நின்றார். "ஐயா, நான் இஞ்சை நிக்கிறன்" என்றார். "அப்ப அது தானாய் உருண்டு வந்திருக்கு" என்றேன். என் உள்ளத்தில் அப்போது ஒரு சந்தோஷம் எழுந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். நீர்வேலியில் இல்லாத சாட்சி இன்றைக்கு இருக்கிறதே. "ஒருத்தரும் கதைக்கவேண்டாம், எல்லாரும் வீட்டை வாங்கோ, கமராவிலை இருக்கு" என்றேன். நீக்கிலாப்பிள்ளை, அவர் மனைவி லூர்த்தம்மா, தேத்தண்ணிக் கடைக்காரர், கடையில் நின்றவர்கள் எல்லாரும் வந்து விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். அம்மா எல்லாருக்கும் தேசிக்காய்த் தண்ணி கரைத்தாள். என்னை உள்ளே கூப்பிட்டு, "இதைப் போட்டுத்தான் காட்டவேணுமோ?" என்று மெல்லமாகக் கேட்டாள். நான் அதையும் கேட்கவில்லை.

ரீவியில் படம் இரண்டாகப் பிரிந்து வந்தது. மேலே றோட்டு. அதில் ஓட்டோ தேவாலயம்போல் அசையாமல் நிற்கிறது, வரவரப் பெரிதாகிறது. கீழே என் முகம். அதுவும் வரவரப் பெரிதாகிறது. கடைசியில் என் மூக்குத்தான் படம் முழுக்க நிற்கிறது. அந்த ஆங்கிலப் பெண்மணி கத்துகிறாள். அம்மாவின் குரல், "இஞ்சேருங்கோ, ஓட்டோ" என்கிறது. என் குரல், "பொறும், இது பதியுதோ எண்டு பாக்கிறன்" என்கிறது. பிறகு டொக்.

பதிந்திருந்தது, பிள்ளை. வடிவாகப் பதிந்திருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன். லூர்த்தம்மா மட்டும், "ஐயாவின்ரை முகம் நல்ல கிளியராய் விழுந்திருக்கு" என்றாள். நீக்கிலாப்பிள்ளை எழும்பிவந்து என் தோளில் கை வைத்து, "பழைய ஓட்டோதானே ஐயா, சாடையாய் உருண்டிருக்கும். உருண்டது எண்டே வைப்பம்" என்றார். அந்த மனிதர் என் காரால் நசுங்கின ஓட்டோவை வெளியே விட்டுவிட்டு வந்து, எனக்காகப் பொய் சொல்லுகிறார். நீர்வேலிச் சந்தி முழுவதும் என்னைப் பொய்யன் என்றபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. அம்மா கரவெட்டிக்குப் போகவேண்டும் என்று கேட்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. போனில் பெரியம்மாவுடன் கதைத்தாள். "இண்டைக்கு வரேலாது அக்கா, கொஞ்சம் சாப்பிடுங்கோ, எனக்காகச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் குசினிக்குள் கேட்டது. ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. முந்தித் தெரிந்திருக்கலாம்; அதற்கும் சாட்சியில்லை. காரை விற்க இணையத்தில் ஆள் பார்க்கும்படி மருமகனிடம் சொல்லு. கமராவையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். இனி அம்மாவைப் பெரியம்மாவிடம் எப்படிக் கொண்டுபோவது என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுவேன்.

உங்கள் மூவரின் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. விசேஷமாக, கார் ஓட்டும்போது.

இப்படிக்கு,
உன்மேல் அன்பும் தன்மேல் வெறுப்பும் உள்ள அப்பா,
துரைராஜா

பி.கு.: சனிக்கிழமை பின்னேரம் எழுதுகிறேன். மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டுமுன் அம்மா கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். ஆணியில் கிடந்த கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய் ஸ்ரேறிங்குக்கு முன்னால் ஏறி இருந்தாள். "மற்றப் பக்கத்தாலை ஏறுங்கோ" என்றாள். கலியாணத்துக்கு முன்னர் மலைநாட்டில் நேர்ஸாக இருந்த காலத்தில் ஆசுப்பத்திரி ஜீப்பை ஓட்டினவளாம். லைசன்ஸும் இருக்கிறதாம், நான் வெளியூர் போகிற நாளாகப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறாள். "இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் ஓடேக்கை பக்கத்திலை ஆராவது றோட்டைப் பாக்கவேணுமே" என்றாள். கரவெட்டிக்குப் போகிற வழியில், வல்லை வெளியில் இவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று இன்றைக்குத்தான் கண்டேன். பெரியம்மா கோப்பையை வெறுமையாக்கிவிட்டார். ஆகவே கார் விற்பனைக்கு இல்லை. திரும்பி வீட்டுக்குள் விடும்போது மட்டும் எங்கள் கேற்றின் இடதுபக்கத் தூணில் அம்மா நன்றாகவே ஓர் இடி இடித்தாள். இறங்கிப்போய்த் தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கமராவிலை விழுந்திட்டுதோ?" என்று கேட்டாள். அது அந்த நேரம் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போனதும் மெமரி காட்டைக் கழற்றி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.