பதினாறாம் விதியும் ஒற்றைக் கட்டமும்

ஒரு காட்டில் இரண்டு கால்பந்து அணிகள் இருந்தன. ஆகையால் அங்கே ராஜா யார், மந்திரி யார் என்று யாரும் கேட்பதில்லை. "நீ பாறைமேடா, ஓடைக்கரையா?" என்றுதான் கேட்பார்கள்.

உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புதின்னியான அழுங்கு திருமேனி ஓடைக்கரைக்காரன். கறையான் புற்று தோண்டிப் பிழைக்கும் அவன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். படிப்பு அவனுக்கு எழுத்தோடு பயத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருந்தது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை படிப்பான். போட்ட பிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்காது.

ஓடைக்கரை ரசிகர் சங்கத்தில் உறுப்பினராக அவன் மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். அட்டை உள்ளவர்கள்தான் மைதானத்தின் தெற்கு மேட்டில் உட்காரலாம். இல்லாதவர்கள் வேலிக்கு வெளியே நின்று, உள்ளிருந்து வரும் கூச்சலை வைத்து அது கோலா, அடிதடியா என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். திருமேனி மூன்று வருடமாக ஊகித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடமும் பாறைமேடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை கரடியின் டீக்கடையில் ஓடைக்கரை ரசிகர்கள் கூடினார்கள். நன்றாக ஆடியதால் ஜெயித்தார்கள் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"எல்லாம் புலியோட தில்லுமுல்லு" என்றார் சங்கத் தலைவர் காட்டுப்பன்றி கொம்பையா. "வாசல் வசூல்ல வர்றதை மட்டுந்தான் ஆட்டக்காரனுக்குச் செலவழிக்கணும்னு பதினாறாம் விதி சொல்லுது. கோல் போட்ட அந்தக் கடமானை வெளிக்காட்டுல இருந்து வாங்கிட்டு வர அவனுக்கு ஏது வசூல்?"

பாறைமேட்டு அணியின் உரிமையாளர் புலி. மைதானத்தில் 'புலிக்குகைத் தண்ணீர்' என்று ஒரு பலகையை மாட்டி, அதற்கு விளம்பரக் கட்டணம் என்று தன் அணிக்குத் தானே அள்ளிக் கொடுத்திருந்தது.

"அந்தக் குகைத் தண்ணிக்கு எதுக்குய்யா விளம்பரம்?" என்று மந்தி ராக்கம்மாள் கிளையிலிருந்து கத்தினாள். "அதைக் குடிக்கப் போனவன் எவனாவது திரும்பி வந்திருக்கானா?"

கொம்பையா திருமேனியின் பக்கம் திரும்பினார். "பட்டதாரித் தம்பி, விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு புகார் மனு எழுதிக் கொடு. அட்டை உன் கையில."

சந்தோஷத்தில் திருமேனி ஒரு தப்புச் செய்தான். பதினாறாம் விதியை முழுதாகப் படித்தான். அதோடும் நில்லாமல், கழக வாசலில் ஒட்டியிருந்த இரண்டு அணிகளின் கணக்கையும் படித்தான். இரண்டு நாள் கழித்து டீக்கடைக்குத் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, நம்ம அணிக்கு 'யானையம்மா வாழைத்தோப்பு'ன்னு ஒரு விளம்பரதாரர் இருக்காங்க."

"இருக்காங்க. அதுக்கென்ன?"

"அந்த யானையம்மா நம்ம உரிமையாளர் யானையோட வீட்டம்மா."

கரடி டீ ஆற்றுவதை நிறுத்தியது.

"அது விளம்பரம் இல்ல தம்பி, பாசம்" என்றார் கொம்பையா.

"விதியில பாசத்துக்கு விலக்கு இல்லீங்கண்ணே."

"புலி கொடுத்தா ஊழல், யானை கொடுத்தா வாழைப்பழம்" என்றாள் ராக்கம்மாள். "இதுகூடத் தெரியாம என்னத்தடா காலேஜுல படிச்சே?"

"அப்ப ரெண்டு பேரையுமே மனுவுல எழுதிடட்டுங்களா?"

"தாராளமா எழுது" என்றார் கொம்பையா. "எழுதிட்டு அப்படியே வேலிக்கு வெளியே போய் நின்னுக்க. மழைக்காலம் வேற வருது."

திருமேனி கழக அலுவலகத்தில் வரிசையில் நின்று புகார்ப் படிவம் வாங்கினான். அதில் ஏழாவது கேள்வி: 'விதி மீறிய அணி'. எதிரே ஒரே ஒரு கட்டம். விசாரணை அதிகாரியான உடும்பிடம் போனான். ஒரு கோப்பைப் பிடித்தால் அவர் விட்டதாக வரலாறு இல்லை.

"ஐயா, ரெண்டு அணி எழுதணும்."

"கட்டம் ஒண்ணுதானே இருக்கு."

"பக்கத்துல சின்னதா எழுதலாங்களா?"

"கட்டத்தைத் தாண்டினா மனு செல்லாது."

"இன்னொரு படிவம்?"

"ஆளுக்கு வருஷத்துக்கு ஒண்ணு."

"அப்ப நான் எந்த அணியை எழுதறதுங்கய்யா?"

உடும்பு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க வந்து இப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான்."

கேட்டதில் அவன் முதல் ஆளாக இருக்கலாம், குழம்பியதில் இரண்டாவது ஆள். வாசல்படியில் பாறைமேட்டுத் துண்டைக் கழுத்தில் சுற்றிய ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்லக்கனி. யானைமீது புகார் எழுத அவளுடைய சங்கம் அனுப்பியிருந்தது. அவளும் வீட்டில் முதல் பட்டதாரி. அவளும் இரண்டு கணக்கையும் படித்துத் தொலைத்திருந்தாள். எழுதி எழுதி அழித்ததில் அவள் படிவத்தின் கட்டம் ஓட்டையாகும் நிலையில் இருந்தது.

"எங்க தலைவர்கிட்ட புலியும் தப்புப் பண்ணியிருக்குன்னு சொன்னேன். தாகத்துக்குத் தண்ணி கொடுக்கிறது புண்ணியம்னுட்டாரு" என்றாள்.

திருமேனி தன் படிவத்தை அவள் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு செல்லக்கனிதான் சொன்னாள்: "நீங்க புலியை எழுதுங்க. நான் யானையை எழுதறேன். ரெண்டையும் சேர்த்து வாசிச்சா முழு உண்மை வந்துடும்."

திருமேனி யோசித்தான். பொய் என்று இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. மூன்று முறை படித்துக் கையெழுத்துப் போட்டான்.

கழகத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக உடும்பு இரண்டு மனுக்களைச் சேர்த்து வாசித்தார். ஒரே நாளில் தீர்ப்பும் வந்தது: 'இரு தரப்பிலும் தலா ஒரு புகார் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது.'

இரண்டு சங்கங்களும் பட்டாசு வெடித்தன. எதிரி மாட்டிக்கொண்டான் என்று பாதி, நாம் தப்பித்துக்கொண்டோம் என்று பாதி.

அடுத்த ஆட்டத்துக்குத் திருமேனி தெற்கு மேட்டில், கொம்பையாவுக்கும் ராக்கம்மாளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். கடமான் களமிறங்கியதும் மேடே எழுந்து, "கள்ளக் கணக்கு! கள்ளக் கணக்கு!" என்று கத்தியது. முதல் தடவை அவன் வாயை மட்டும் அசைத்தான். இரண்டாம் தடவை குரல் வந்தது. மூன்றாம் தடவை தொண்டை நரம்பு புடைத்தது.

எதிரே வடக்கு மேட்டில், முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஒருத்தி, "வாழைப்பழத் திருடனுங்க!" என்று அலறிக்கொண்டிருந்தாள். அது காதில் விழாமலிருக்க அவன் இன்னும் சத்தமாகக் கத்தினான்.

நீதி: முழு உண்மையையும் ஒருவரே சுமந்தால் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான், இருவர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஓர் இருக்கை நிச்சயம்.