மூச்சு விட்டால் சோடா

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயைத் திறப்பதே அபூர்வம். அப்படித் திறந்தார்களானால், அது திறக்கவே கூடாத இடமாகத்தான் இருக்கும். இதற்கு நானே சாட்சி. கல்யாணமாகி விழுப்புரம் வந்த புதிதில், எதிர்வீட்டு அம்மாள் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். (அவள் என்னை ரொம்ப நாள் ஊமை என்றே நினைத்திருக்கிறாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போனபோது எனக்குப் பேச்சு வரவேண்டும் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டும் வந்தாளாம். நாங்கள் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள் என்பதை அம்மன் பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது. பேச்சு வந்தது. வந்த இடம்தான் சரியில்லை.)

நயா பைசா புழக்கத்துக்கு வந்த காலம். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை. வீட்டில் நாங்கள் இருவர், மாமியார், நாத்தனார் பிலோமினா. நான் பிறந்த ஊரான முகையூரில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிலோமினா காலேஜுக்குப் போய் ரசாயனம் படித்தவள். ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வேலை தற்காலிகம். வாத்தியார் பரீட்சை முழுவதும் தேறினால்தான் நிரந்தரம்.

எழுத்துப் பரீட்சையில் அவளுக்கு நல்ல மார்க். வகுப்பில் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சையில்தான் போன வருஷம் கோட்டை விட்டுவிட்டாள். அதிகாரிகளைப் பார்த்த பயத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பியவள், மணி அடிக்கிற வரைக்கும் பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. மொத்தப் பாடத்தையும் பலகைக்கு நடத்திவிட்டு வந்தாள். பலகை தேறியிருக்கும். இவள் தேறவில்லை.

"இந்தத் தபாவும் போச்சுன்னா, வளவனூர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அவங்களும் எத்தினி நாளு காத்துக்கினு இருப்பாங்க?" என்றார் மாமியார்.

வளவனூர் மாப்பிள்ளைக்கு நெல் வியாபாரம். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வீட்டு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. பிலோமினா அதைக் கேட்டுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, இனிமே நீங்கதான் என் கிளாஸு."

"நானா? எனக்கு இன்னாடி தெரியும்?"

"தெரியாதவங்கதான் எனக்கு வேணும்."

அன்றிலிருந்து எங்கள் அடுப்படி பள்ளிக்கூடமாகிவிட்டது. பாடம் கரியமில வாயு. ஊறுகாய் ஜாடிதான் வாயு பிடிக்கிற ஜாடி. அகப்பைக் காம்புதான் எரிகிற குச்சி. சொம்புத் தண்ணீர்தான் சுண்ணாம்புத் தெளிநீர். நிஜமான குழாயும் திராவகமும் பள்ளிக்கூடத்துச் சொத்து, வீட்டுக்கு வராது. எல்லாம் பாவனைதான். அவள் வெறும் ஜாடியைக் காட்டி, "பாருங்க, குமிழ் குமிழா வருது" என்பாள். நானும் வெறும் ஜாடியைப் பார்த்து, "ஆமாம் டீச்சர்" என்பேன்.

அவள் கேள்வி கேட்டால் நான் எழுந்து, கையைக் கட்டி, கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். மாவாட்டிக்கொண்டிருந்தாலும் மாவுக் கையோடு எழுந்து நிற்க வேண்டும்.

"கொழம்பு தீயுது, இவ இன்னாடான்னா கையக் கட்டிக்கினு சாமியார் முன்னாடி நிக்கிறாப்போல நிக்கிறா!" என்று மாமியார் கத்துவார். "ரெண்டும் சேந்து என்னைப் பேஜாரு பண்ணுதுங்க."

மற்ற நேரத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் கேள்வி பதில் என்றால் மட்டும் கணீரென்று வரும். காரணம், முகையூர் மாதா கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்குவதற்கு முன் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த உபதேசியார். அவர் வரிசையாகக் கேள்வி கேட்பார், நாங்கள் வரிசையாக விடை சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் பிரம்பு. யோசித்தாலும் பிரம்பு. "ஒரு விடைக்கு அடுத்த விடை, நூல்ல கோத்த மணியாட்டம் வரணும்" என்பார். அதனால் எனக்குக் கேள்வி காதில் ஏறாது. கேள்வி முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அடுத்த மணியைத் தள்ளிவிடுவேன். கடைசி விடைக்குப் பிறகு 'ஆமென்' சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

ரசாயனத்தையும் அப்படியேதான் படித்தேன். வாயுவுக்கு நிறமும் மணமும் உண்டா? "இல்லை டீச்சர்." எரிகிற குச்சியை உள்ளே விட்டால்? "அணைஞ்சிடும் டீச்சர்." சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினால்? "பால் போல ஆயிடும் டீச்சர்." நாம் மூச்சு விடும்போது வெளியே வருவது? "கரியமில வாயு டீச்சர்." இந்த வாயுவை அடைத்துக் குடிப்பதற்கு என்ன தயாரிக்கிறார்கள்? "சோடா, கலர் டீச்சர்." ஒரு பிசகு வராது. பிலோமினா பூரித்துப்போவாள். (எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டால் அவரை ஒரு விஞ்ஞானப் பார்வை பார்ப்பேன்.)

பரீட்சை திண்டிவனத்தில். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக ரயிலில் அனுப்ப முடியாது. வீட்டுக்காரருக்கு டியூட்டி, மாமியாருக்கு முட்டிவலி. ஆக, துணைக்கு நான். பேச்சு வராத துணை.

அங்கே என்ன இருக்குமோ இருக்காதோ என்று சந்தேகப்பட்டு, பிலோமினா வாயு தயாரிக்கச் சலவைக்கல் துண்டுகளையும், தீப்பெட்டியையும், ராத்திரி கரைத்துத் தெளிய வைத்த சுண்ணாம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டாள். அவற்றைக் கூடையில் அடுக்கியது நான். பாட்டில் மூடியை அழுத்தி மூடினேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். ரயில் மயிலம் தாண்டும்போது என் மடி நனைந்திருந்தது. பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. கூடையிலிருந்த தீப்பெட்டிதான் ஊறிப்போயிருந்தது. அது தீப்பெட்டிதானே என்று நானும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கிளாஸுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்துக்கினு இருங்க. யார்கிட்டயும் ஒண்ணும் பேச வேணாம்."

"நான் எப்போடி பேசியிருக்கேன்?" என்றேன்.

நான் உட்கார்ந்த பெஞ்சு வகுப்பின் கடைசி ஜன்னலை ஒட்டி இருந்தது. உள்ளே பெண் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இரண்டு அதிகாரிகள். ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பவர். இன்னொருவர் கறுப்புக் கோட்டு.

பிலோமினா ஆரம்பித்தாள். முதல் கேள்விக்கு முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி "நிறம் இல்லை டீச்சர்" என்றாள். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். அடுத்து எரிகிற குச்சி. தீப்பெட்டியை எடுத்து உரசினாள். எரியவில்லை. இன்னொன்று. அதுவும் எரியவில்லை. மூன்றாவது குச்சியின் மருந்து கழன்று மேஜையில் விழுந்தது. வேறு பெட்டி கேட்டிருந்தால் யாராவது கொடுத்திருப்பார்கள். கேட்கிற நிலையில் அவள் இல்லை. பெட்டியைக் கீழே வைத்தாள். போன வருஷம் மாதிரியே மெல்ல மெல்லக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். திரும்பிக்கொண்டே, குச்சியை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"சுண்ணாம்புத் தெளிநீரில் இந்த வாயுவைச் செலுத்தினால் என்ன ஆகும்?"

பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அந்த நிசப்தம் எனக்கு ஆகாது. உபதேசியார் பிரம்பை எடுக்கப்போகிற நிசப்தம் அது. நான் எழுந்து நின்றதும், கையைக் கட்டியதும் எனக்கே தெரியாது. முதல் மணியை முன் பெஞ்சுப் பெண் தள்ளிவிட்டாள், என் நூலில் அடுத்தது இரண்டாவது.

"அணைஞ்சிடும் டீச்சர்!"

திண்டிவனம் டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. கோட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரம்மா அது? வெளியே இருந்து விடை எடுத்துக் கொடுக்கிறாயா?"

பிலோமினாதான், "எங்க அண்ணி சார். துணைக்கு வந்தாங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சரி. அண்ணி உள்ளே வரட்டும். அவர்களும் இன்றைக்கு ஒரு மாணவி. பாடம் நடக்கட்டும்."

கடைசி பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்துப் பெண் என் தாலியை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிலோமினா, "அண்ணி... சுண்ணாம்புத் தெளிநீர் என்ன ஆகும்?" என்றாள்.

"பால் போல ஆயிடும் டீச்சர்!"

சரியான விடை! என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, மணி அந்த இடத்துக்கு வந்திருந்தது. கோட்டுக்காரர் புருவத்தை உயர்த்தி, "அப்படி ஆக்குகிற வாயுவின் பெயர் என்ன?" என்று தானே கேட்டார்.

"கரியமில வாயு டீச்சர்!" (கோட்டும் மீசையுமாக இருந்த மனுஷரை டீச்சர் என்றேன்.)

அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. பிலோமினாவுக்குப் போன உயிர் திரும்பியது. அவர் அத்தோடு விட்டிருக்கலாம்.

"பேஷ். நாம் மூச்சு விடும்போது வாயிலிருந்து என்ன வருகிறது?"

"சோடா, கலர் டீச்சர்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "கலருமா?" என்றார் கோட்டுக்காரர்.

கேள்வி முடிந்தது என்று மட்டும் தெரிந்தது. "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கினதும் அவர் பிலோமினாவைப் பார்த்தார். "இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானா?"

வளவனூர் நெல் மூட்டைகள் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. நான் தலையைப் பெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டேன்.

"நான்தான் சார்" என்றாள் பிலோமினா. பிறகு, "அண்ணி, இங்க வாங்க!" என்று ஒரு குரல். அது பரீட்சைக் குரல் இல்லை. நான் பாலைப் பொங்கவிட்டால் வீட்டில் வருகிற குரல். கோபம் வந்ததும் அவளுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, ஒரு கண்ணாடிக் குழாயை என் வாயில் வைத்தாள்.

"ம், ஊதுங்க."

பதற்றத்தில் நான் உறிஞ்சிவிட்டேன். வெற்றிலை இல்லாமல் வெறும் சுண்ணாம்பு.

"ஊதச் சொன்னா குடிக்கிறீங்களே! வெளிய விடுங்க மூச்சை!"

ஊதினேன். குமிழ் குமிழாக வந்தது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் கலங்கியது, வெளுத்தது, கடைசியில் நிஜமாகவே பாலாகிவிட்டது. பால் போல ஆகும், பால் போல ஆகும் என்று அடுப்படியில் அத்தனை நாள் கூவியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"ஏசுவே! மாதாவே!" என்று அலறினேன். "என் மூச்சா இது? நெஜமா ஆயிடுச்சே பிலோமி! சொம்புல ஆவலியே!"

"சொம்புல இருந்தது வெறுந்தண்ணி அண்ணி!" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் பெஞ்சைத் தாண்டி மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். "டீச்சர், நான் ஊதறேன்!" "டீச்சர், எனக்கு!"

"இருங்க, இருங்க. அண்ணி, இப்ப சொல்லுங்க. மூச்சுல இன்னா வருது?"

நூலில் மணி தீர்ந்துபோயிருந்தது. முதல் தடவையாக யோசித்தேன். ஜாடியில் வந்த வாயுவும் இதைப் பாலாக்கும் என்றாள். என் மூச்சும் பாலாக்கிவிட்டது. அப்படியானால்... "ரெண்டும் ஒண்ணுதானே? கரியமில வாயுதானே?" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அதற்குப் பிறகு மணி அடிக்கிற வரை அவள் பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஊத வைத்தாள், கேட்டாள், அதட்டினாள். கரும்பலகை என்று ஒன்று பின்னால் இருந்ததையே மறந்துவிட்டாள்.

வெளியே வரும்போது கோட்டுக்காரர் என்னிடம், "ஏனம்மா, உன் மூச்சில் வருவது ஆரஞ்சுக் கலரா, லெமனா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

ரயில் ஏறினதும் பிலோமினாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "மன்னிச்சிக்கோ" என்றேன்.

"மூடிய ஒழுங்கா மூடியிருந்தா தீப்பெட்டி நனைஞ்சிருக்காது. தீப்பெட்டி எரிஞ்சிருந்தா பலகைகிட்டயே பேசிட்டு வந்திருப்பேன்" என்றாள். திட்டினாளா, பாராட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் வாசலில் நின்ற அன்று, தேறிவிட்டேன் என்று அவள் அடுப்படிக்கு ஓடி வந்து சொன்னதும் ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், அதற்கு எதிரில் வைத்திருந்தால் ஒரு கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரே பாலாகியிருக்கும். வளவனூர்க்காரர்களிடம் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல மாமியாரே ஆள் அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டு, குழாய்க்குப் பதிலாகப் பப்பாளித் தண்டை வெட்டிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது தன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பிள்ளைகள், அவள் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் நான் 'சோடா'தான். வீட்டில் யாராவது சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், மற்றவர்கள் சேர்ந்து "ஆமென், டீச்சர்!" என்பார்கள்.

போன மாதம் நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு வந்தது பிலோமினா. இப்போது துணை அவள்தான். சின்ன வயசு டாக்டர் குழாயை என் முதுகில் வைத்து, "பாட்டி, நல்லா மூச்ச இழுத்து, வெளிய விடுங்க" என்றார்.

"டாக்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் பிலோமினா. "சட்டையில கலர் பட்டுடப் போவுது."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வந்த சிரிப்பில் மூச்சு ஒரு நிலையில் நிற்கவில்லை. அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்.