பேரிக்காய் மரத்தடியில் அப்பாவுக்கு வயது பன்னிரண்டு

கூக்கால்,
ஞாயிறு காலை.

திண்டுக்கல் நர்சிங் கல்லூரி விடுதியில் இட்லியாகத் தின்று கொழுத்துவரும் அக்கா தாரணி அவர்களின் சமூகத்துக்கு, ஒரே தம்பி செந்தில்வேல் பயபக்தியோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் மாடும் நலம். அப்பாவைப் பற்றித்தான் கடிதமே. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நம் ஊர்ப் போன்கள் எல்லாம் இன்னமும் ஏரிக்கரைப் பேரிக்காய் மரத்தில்தான் பையில் தொங்குகின்றன. அங்கேதான் சிக்னல். எடுத்துக் காதில் வைத்தால் போய்விடும், ஸ்பீக்கரில் பேசினால் ஊரே கேட்கும்.

பள்ளியில் எங்களைப் பிள்ளைகள் நலனுக்கான இணையதளம் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். தடுப்பூசி, கண் பரிசோதனை எல்லாம் அதில் பதிவாகும். ‘மனசு எப்படி இருக்கு?’ என்று தனியாக ஒரு பக்கம். சாப்பிடப் பிடிக்கிறதா, தூக்கம் வருகிறதா, சும்மாவே அழுகை வருகிறதா என்று கேள்விகள். நீ போனதிலிருந்து அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார், ஞாபகப் பிசகில் நாயைத் ‘தாரணி’ என்கிறார், அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. சரி, விளையாடிப் பார்ப்போமென்று, அப்பா பெயரில், வேலப்பன், வயது பன்னிரண்டு என்று போட்டு மோசமான பதிலாகப் பார்த்துத் தட்டிவிட்டேன். திரையே சிவந்துவிட்டது! மறுநாள் மரம் அலறுகிறது. பூண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவே ஓடிப்போய் எடுத்துவிட்டார்.

“வேலப்பன் தம்பியா? நான் ஆலோசகர் தேவசேனா. பயப்படாம சொல்லுப்பா, ஸ்கூல்ல யாராச்சும் அடிக்கிறாங்களா?”

“இப்ப யாரும் அடிக்கிறதில்லீங்க. முன்னாடி கணக்கு வாத்தியார் அடிச்சாரு.”

“குரல் ஏன்ப்பா இப்படிக் கட்டியிருக்கு?”

“பீடிங்க.”

அந்தப் பக்கம் பரபரவென்று எழுதிக்கொள்ளும் சத்தம். இந்தப் பக்கம் குஞ்சம்மாள் பெரியம்மா, “ஏலே வேலப்பா, டாக்டரம்மாவா? எனக்கு முட்டி வலிக்குன்னு வெரசா சொல்லுடா,” என்று இடிக்கிறாள். நான் மரத்துக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்புறம் அந்த அம்மா மெதுவாக, “வீட்டுல யாருகிட்ட மனசு விட்டுப் பேசுவ?” என்று கேட்டார். அப்பா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “மககிட்டதாங்க. அவ படிக்கப் போயிட்டா. வீடு வெறிச்சுன்னு கெடக்கு.”

பன்னிரண்டு வயதுக்கு மகளா என்று அவர் கேட்கவே இல்லை. “சொல்லுங்கய்யா,” என்றார். அவ்வளவுதான், அப்பா பேசினார், பேசினார், உனக்குப் பல் முளைத்த கதையிலிருந்து. குஞ்சம்மாள் பெரியம்மா முட்டியையே மறந்துவிட்டாள். அன்றைக்கு அப்பா மறுசோறு வாங்கித் தின்றுவிட்டு, தெம்பாகக் கம்பை எடுத்துக்கொண்டு, “எந்தப் பயடா என் வயசக் கொறச்சது?” என்று கிளம்பினார். ஊரில் என்னைத் தவிர வேறு யார்மேலும் சந்தேகம் வரவில்லை.

ஆகையால் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து அந்த மனிதருக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போ. எனக்காக வர வேண்டாம். உன் கட்டில், உன் போர்வை, உன் ஜன்னல் எல்லாம் இப்போது என்னுடையவை. ராஜ வாழ்க்கை.

நீ குத்தும் ஊசியெல்லாம் வலிக்காமல் இறங்கட்டும் என்று வாழ்த்தும்,
கம்புக்குத் தப்பிய தம்பி,
செந்தில்வேல்.

பின்குறிப்பு: அந்த நாயைத் ‘தாரணி’ என்று கூப்பிட்டுப் பழக்கியது நான்தான். அந்த ‘மனசு எப்படி இருக்கு?’ பக்கத்திலும் முதலில் என் பெயரைத்தான் போட்டிருந்தேன். சிவப்பைப் பார்த்ததும் பயந்து, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றினேன். பதில்களை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமையே வந்துவிடேன்.