தெம்பு ஊட்டுபவர்

மனிதர்களில் தெம்பு ஊட்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தால், மூன்றாம் நாள் அவர் வந்திருப்பார்.

பலம் வேறு, தெம்பு வேறு. பலம் மூட்டை தூக்குபவருக்கு வேண்டும். சக்தியைச் சாமியிடம் கேட்கலாம், பேட்டரியிடமும் கேட்கலாம். தெம்பு அவ்வளவு பெரிய சமாசாரம் இல்லை. காய்ச்சல் விட்ட காலையில் தானாக எழுந்து பல் தேய்க்க முடிந்தால் அது தெம்பு, பரீட்சைக்குப் போகிறவளுக்குச் சட்டைப்பையில் இன்னொரு பேனா இருந்தால் அதுவும் தெம்பு, துணைக்கு ஓர் ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்கூட ஒரு தெம்புதான். இந்தக் கடைசி அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டவர்தான் நம் ஆள்.

நான் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை ஆகி நான்கு நாள். அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று மருத்துவர் பயமுறுத்தியும் பார்த்தார். தையல்காரர் அசையவில்லை.

"தையலப் பத்தி எனக்குத் தெரியாதா டாக்டர்? இது ஒத்தைத் தையல். எழுந்தா விட்டுடும். நான் போட்டிருந்தா ரெட்டையாப் போட்டிருப்பேன்."

நர்ஸ் கெஞ்சினார். தையல்காரரின் மனைவி அழுதார். நானும் என் பங்குக்கு ஏதோ சொன்னேன். கால் கட்டோடு படுத்திருப்பவன் நடக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஐந்தாம் நாள் மாலை மனைவியின் அண்ணன் வந்தார். ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர். குடும்பத்தில் 'தெம்பு மாமா' என்றால்தான் தெரியும். வந்தவர் நாற்காலியை விட்டுவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். தான் வாங்கி வந்த பழத்தைத் தானே உரித்துத் தின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"என்ன மாப்பிள, முகமே செத்துப்போச்சு? மனசுல தெம்பு வேணும். எங்க தெருவுல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன்தான். தெம்பில்லாம பயந்துட்டே இருந்தார்."

"அப்புறம் என்னாச்சு மச்சான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நீங்க தெம்பா இருங்க."

இப்படி இரண்டு மணி நேரம். பாதியில் நிறுத்திய கதைகள் மட்டும் ஏழு. அவர் போனபிறகு தையல்காரரின் நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, யார் வந்தார்கள் என்று விசாரித்தார்.

மறுநாள் மாலை மாடிப்படியில் ஒரு குரல் கேட்டது. "மாப்பிள அதே ரூம்லதானே இருக்கார்?"

தையல்காரர் போர்வையை விலக்கினார். எழுந்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சுவரில் ஊன்றி, மனைவி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மறுபக்கக் கதவு வழியாக வெளியேறி, நடைகூடம் முழுவதையும் கடந்து, கடைசியில் இருந்த எக்ஸ்ரே அறை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே மருத்துவர் எதிரே வந்தார்.

"அட, யார் கொடுத்த தெம்பு இது?"

"எங்க மச்சான்தான் டாக்டர்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தினமும் வரச் சொல்லுங்க."

சேதி கேட்டுத் தெம்பு மாமா பூரித்துப் போனார். தங்கையும் வாய் கூசாமல், "எல்லாம் உங்களாலதான் அண்ணே" என்றார். பொய் சொன்னதாக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த நாள் தையல்காரர் இரண்டு மாடி இறங்கினார். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகும்போது புண் நன்றாக ஆறியிருந்தது. "ஒத்தைத் தையல்னாலும் ஒழுங்கா இழுத்துத்தான் போட்டிருக்கார்" என்று மருத்துவருக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

அன்று மாலையும் மாமா பழத்தோடு வந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. காலிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு, ஒரு கால் உயரே கட்டித் தொங்கவிடப்பட்டுக் கிடந்த என்னைப் பார்த்தார்.

"சார், உங்களைப் பார்க்க யாரும் வர்றதில்லையோ?"

"டாக்டர் என்னைப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நீங்க எதுக்குப் பேசணும்? நான் பேசறேன்."

அவருடைய ஏழு கதைகளின் முடிவும் இன்று எனக்குத் தெரியும். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் அந்த இனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தெம்பாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவதோடு சரி. ஆனாலும் அடுத்த முறை போகும்போது நோயாளி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தால், விழிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொஞ்சம் குனிந்து அவர் இமையைப் பாருங்கள். துடிக்கிறதா?